மழலையர் லாரிப் பாட்டும் எதுகையும் - ஒரு பார்வை

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகச் சொந்த ஊருக்குப் போய்வரும் தோட்டத்துக் குடும்பங்களுக்கும் லாரியைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, காய்கறி, வைக்கோல், சிமெண்ட் எல்லாம் அதில்தான் வருகிறது. இடுக்கி மாவட்டத்தில் இன்றுவரை ரயிலே கிடையாது. மூணாறில் ஒரு காலத்தில் தேயிலை சுமந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துக்கொண்டு போனதோடு சரி. அங்கே வளரும் மூன்று வயதுப் பிள்ளை தினமும் பார்க்கிற பெரிய வண்டி லாரிதான். நம் குழந்தைப் பாட்டு நூல்களைப் புரட்டினாலோ ரயில் கூவுகிறது, மாட்டு வண்டி ஓடுகிறது. லாரியைத் தேட வேண்டியிருக்கிறது.

பாரதிதாசனை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய ‘இளைஞர் இலக்கிய’த்தில் ஊர்திகளைப் பற்றிய பாட்டுகள் உண்டு. ஆனால் அவை படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. அம்மா மடியில் உட்கார்ந்து, படத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்கிற பிள்ளைக்கு வேறு வகைப் புத்தகம் வேண்டும்.

அந்த வகை இன்று ஆங்கிலத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோர் நம் வீடுகளிலும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அலிஸ் ஷெர்ட்டில் பாட்டு எழுதி, ஜில் மெக்எல்மர்ரி படம் வரைந்த ‘லிட்டில் ப்ளூ ட்ரக்’ 2008-இல் வந்தது. அவசரமாகப் போகும் பெரிய டிப்பர் ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்கிறது. தள்ளிவிடப் போன சின்ன நீல வண்டியும் மாட்டிக்கொள்கிறது. பண்ணை விலங்குகள் எல்லாம் சேர்ந்து தள்ளிவிடுகின்றன. கட்டட வேலை வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூங்கவைக்கும் ‘குட்நைட், குட்நைட், கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்’, ஷெர்ரி டஸ்கி ரிங்கர் எழுதியது, 2011-இல் வந்தது. இரண்டும் நல்ல புத்தகங்கள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இவற்றைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போகும்போது. ஆங்கிலப் பாட்டுக்கு உயிர் அடிக் கடைசியில் இருக்கிறது. ட்ரக், ஸ்டக், மக், டக் என்று கடைசிச் சொற்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும். அடுத்து என்ன வரும் என்று பிள்ளை காத்திருக்கும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் நிற்பது. வருது, போகுது, நிக்குது, விழுது என்று எந்த வாக்கியமும் தானாகவே ‘து’வில் முடிந்துவிடும். சும்மா கிடைக்கிற இயைபில் பிள்ளைக்கு என்ன வியப்பு இருக்கும்? அதனால்தான் ‘து, து’ என்று முடிகிற மழலைப் பாட்டுகள் பல நாலு வரிக்குள் சலித்துப்போகின்றன. நம் பாட்டுக்கு ருசி அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் இதை நன்றாக அறிந்தவர்கள். எளிய சொல்லை எடுத்தாலும் எதுகையை விட்டுக்கொடுத்தவர்கள் அல்லர்.

லாரிக்கு எதுகை கிடைக்குமா? தாராளமாக. ஏரி, வாரி, மாரி, தூரி எல்லாம் பக்கத்திலேயே நிற்கின்றன. டயருக்கு உயரும் பெயரும் உண்டு. மோனைதான் கஷ்டம். ட, ர, ல மூன்றும் சொல்லுக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் விதி. நம்ம லாரி, டிப்பர், டயர், ரோடு எல்லாம் சரியாக அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன! மோனைக்குத் துணைச்சொல் தேடினால் பழைய அகராதியில் அதிகம் அகப்படாது. ஆனால் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பாருங்கள். லொடலொட, டமடம, டபடப, டுர்ர்ர். இலக்கணம் வாசலில் நிறுத்திய எழுத்துகளைப் பேச்சு வழக்கு ஒலிக்குறிப்பாக உள்ளே விட்டிருக்கிறது. லாரி போடும் சத்தமும் அதுவேதான். மாதிரிக்கு நானே கட்டிய நாலு வரி:

ஏரிக்கரை மண்ணை அள்ளி
வாரி வாரிக் கொட்டுது!
லாரி வண்டி மேடு ஏறி
லொடலொடன்னு ஆடுது!

‘லா’வுக்கு ‘லொ’ மோனை ஆகாது என்று யாப்பு தெரிந்த புலவர் யாரேனும் எழுந்திருக்கலாம். மூன்று வயதுக் காதுக்கு அது போதும். ‘சரக்குந்து’ என்று எழுதலாமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பள்ளிப் பாடத்தில் எழுதுங்கள், நல்ல சொல்தான், ஆனால் வாசலில் போவதைப் பார்த்துப் பிள்ளை கத்துவது ‘லாரி’ என்றுதான். இலங்கைத் தமிழர் ‘லொறி’ என்று எழுதுகிறார்கள், மலையாளத்தில் ‘லோறி’. நம் புத்தகத்தில் லாரியே இருக்கட்டும்.

ஓட்டத்திலும் நமக்கு வசதி உண்டு. ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் சமதளத்து ஓட்டம், ஒரே சீராகக் குதிக்கும். போடிமெட்டு ஏறுகிற லாரி அப்படியா போகிறது? கொண்டை ஊசி வளைவில் முக்கி முனகி ஏறும், இறக்கத்தில் தடதடவென்று வரும். நெடிலும் குறிலும் இதற்காகவே அமைந்தாற்போல் இருக்கின்றன. “மேலே மேலே லாரி ஏறுது” என்றால் நாக்கே பாரம் சுமக்கிறது. “சரசர சரசர சரிவினில் வருது” என்றால் முடுகிவிடுகிறது. திருப்புகழ் கேட்டு வளர்ந்த காதுக்கு முடுகு ஒன்றும் புதிதில்லை. மழலைப் புத்தகம் போடுகிறவர்கள் இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

படத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் ஸ்டியரிங், பனி தள்ளும் வண்டி. நம்ம லாரிக்கு நெற்றியில் ‘முருகன் துணை’, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், பின்னால் தார்ப்பாயும் கயிறும், இடப்பக்கம் எட்டிப் பார்த்துக் கை காட்டும் கிளீனர். டி.என். 37 கோயமுத்தூர், டி.என். 60 தேனி, கே.எல். 9 பாலக்காடு, கே.எல். 6 இடுக்கி என்று நம்பர் பலகையிலேயே ஊர் இருக்கிறது. சித்தூர் தாலுகாவிலிருந்து தெற்கே போகும் கள்ளு வண்டியை மட்டும் மழலைப் புத்தகத்தில் வரைய முடியாது, போகட்டும். வாளையாரில் 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வரும்வரை கிலோமீட்டர் கணக்கில் நின்ற வரிசையை வரைந்தால் எண்ணுப் பாட்டே ஆகிவிடும்.

அந்த நெற்றி எழுத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடைப் பலகையும் பஸ் பலகையும் மலையாளத்தில் இருக்கிற ஊரில், பிள்ளை தெருவில் பார்க்கும் தமிழ் எழுத்து பெரும்பாலும் லாரியின் மேல்தான் வருகிறது. அதே லாரிக்கு இங்கே பேச்சில் ‘பாண்டி லோறி’ என்று பெயர். சொல்கிறவர் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அதில் ஒரு கேலி இருப்பது பிள்ளைக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, எழுத்துக்கூட்டி வாசித்த வாய் மூடிக்கொள்ளும். பள்ளிக்குப் போகும் முன்பே அந்த வண்டியை அழகான வண்டியாக ஒரு புத்தகத்தில் பார்த்திருந்தால், வீட்டில் அப்பா அதைப் பாடிக் காட்டியிருந்தால், அந்தக் கேலி அவ்வளவு ஆழமாக இறங்காது என்பது என் எண்ணம். லாரிப் பாட்டை நான் இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போதைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா தமிழிலும் மலையாளத்திலும் படப்புத்தகங்கள் போடுகிறது, இரு மொழிக்கு நடுவில் வாழும் வீடுகளுக்கு ஏற்றவை. பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கதைகளை இலவசமாக எடுத்து, நம் பேச்சுக்கு ஏற்ப மாற்றி எழுதவும் உரிமை தருகிறார்கள். ஆங்கிலப் புத்தகம்தான் வாங்குவேன் என்றால் டொனால்ட் க்ரூஸின் ‘ட்ரக்’ வாங்குங்கள், 1980-இல் வந்தது. சிவப்பு லாரி ஒன்று மூன்று சக்கர சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மழையிலும் மூடுபனியிலும் போகிறது. சாலைப் பலகையிலும் வண்டியிலும் உள்ள எழுத்தைத் தவிர உள்ளே ஒரு வரி கிடையாது. பாட்டை நாம்தான் கட்ட வேண்டும். மூடுபனிப் பக்கம் வந்ததும் பீர்மேடு, தேவிகுளம் பக்கத்துப் பிள்ளைகள் தாங்களே ஆரம்பித்துவிடுவார்கள்.