மத்திய கொழும்பின் மூன்று ஆசனங்கள்: நமது மலர்கள் எழுதாமல் விட்ட வரலாறு

நமது சமூகத்தில் மலர் வெளியிடாத நிறுவனம் இல்லை. பாடசாலை நூற்றாண்டு மலர், சங்கத்தின் பொன்விழா மலர், தலைவர்களின் நினைவு மலர் என்று வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் மத்திய கொழும்புத் தொகுதி பற்றி ஒரு கட்டுரையாவது அனேகமாக இருக்கும். பேச்சிலும் அப்படித்தான்: "அது எங்கட சீட்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறபோது, ஒரு தொகுதியின் வரலாறு எப்படி எழுதப்படக்கூடாது என்பதற்கு அவையே உதாரணமாகத் தெரிகின்றன.

முதலில் அவற்றின் நடையைப் பார்ப்போம். "தெரிவு செய்யப்பட்டார்", "ஆசனம் கிடைத்தது", "பதவி வழங்கப்பட்டது" என்று எல்லாம் செயப்பாட்டு வினைகள். தமிழ் படிப்பிக்கிற எனக்கு உடனே எழும் கேள்வி: தெரிவு செய்தது யார்? வகுப்பில் பிள்ளை ஒன்று இப்படி எழுதினால் எழுவாயைத் தேடச் சொல்லுவோம். நமது மலர்களில் அந்த எழுவாயைக் காணோம். வாழைத்தோட்டத்தில், புதுக்கடையில், மருதானையில், மாளிகாவத்தையில் வரிசையில் நின்று வாக்குப் போட்ட சனம் ஒரு வசனத்திலும் இல்லை. தலைவர் மட்டும் இருக்கிறார். தொகுதி அவருக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகிவிட்டது.

இதை வெறும் நடைக்குறையாக நான் பார்க்கவில்லை. எழுவாய் தொலைந்தபோது, அந்த ஆசனம் எப்படி வந்தது என்ற விளக்கமும் கூடவே தொலைந்துபோனது.

மத்திய கொழும்பு சாதாரணத் தொகுதி அல்ல. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை முழுவதிலும் 89 தொகுதிகள். அவற்றிலிருந்து 95 பேர் தெரிவாகினர். நான்கு தொகுதிகள் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். மூன்று பேரை அனுப்பிய ஒரே தொகுதி மத்திய கொழும்பு. ஒரு பிரதேசத்தின் பெரும்பான்மையினரிலிருந்து இனத்தாலோ மதத்தாலோ வேறுபட்டவர்கள் திரளாக வாழ்ந்தால், அவர்களுக்கும் பிரதிநிதித்துவம் கிடைக்கக்கூடிய விதமாக எல்லை வகுக்க வேண்டும் என்பது சோல்பரி யாப்பின் ஏற்பாடு. முஸ்லிம்கள், மலாயர், தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லாரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த இடத்தைத் துண்டு துண்டாக வெட்டாமல், முழுசாக வைத்து மூன்று ஆசனம் கொடுத்தார்கள்.

வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே குத்தவும் செய்யலாம். இதன் கணக்கு இலகுவானது. வாக்காளரில் காற்பங்குக்குச் சற்று அதிகமானோர் ஒற்றுமையாக ஒருவருக்கே மூன்று வாக்கையும் போட்டால், மற்றவர்கள் என்ன செய்தாலும் அவரைத் தோற்கடிக்க ஏலாது. நமது மலர்கள் "தலைவரின் செல்வாக்கு" என்று எழுதுவதில் பெரும் பங்கு இந்தக் கணக்குக்கு உரியது. நான் வாசித்த மலர்க் கட்டுரை எதிலும் இந்தக் கணக்கு இல்லை.

அடுத்தது, "எங்கட சீட்" என்ற உரிமை. 1947இல் தெரிவான மூவர்: தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க, கொழும்பு ஸாஹிரா அதிபர் ரி.பி. ஜாயா, கம்யூனிஸ்ட் பீட்டர் கெனமன். ஒருவர் சிங்களவர், ஒருவர் மலாயர், ஒருவர் பறங்கியர். கெனமன் 1977 வரை, முப்பது வருடம் இந்தத் தொகுதியை விட்டுப் போகவில்லை. பறங்கியர் வாக்கு மட்டும் அவரை அங்கே முப்பது வருடம் வைத்திருக்க முடியுமா? துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் போட்ட வாக்கு அது. அவர்களில் நம்மவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழை முஸ்லிம் தன் வர்க்கத்துக்காகவும் வாக்குப் போட்டிருப்பான் என்ற எண்ணமே நமது மலர்களுக்கு வருவதில்லை. சமூகத்தை ஒரே கட்டாகக் கட்டி வைத்தால்தானே தலைவரின் கையில் கொடுக்கலாம்!

சங்கடமான விடயங்களையும் மலர்கள் தாண்டிப் போய்விடுகின்றன. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயாவும் இருந்தார். அதன் தொடர்ச்சியாக 1949இல் இந்திய வம்சாவளியினர் பெரும்பாலோரின் வாக்குரிமை பறிபோனது. தோட்டங்களைப் பற்றி மட்டுமே நாம் இதைப் பேசுகிறோம். கொழும்பிலும் அந்த மக்கள் வாழ்ந்தார்கள். அதேபோல, இத்தொகுதியைப் பிரதிநிதித்துவப்படுத்திய சேர் ராசிக் பரீத் சிங்களம் மட்டும் கொள்கையை ஆதரித்தவர். தமிழைப் பேசும் வாக்காளர் திரளின் பிரதிநிதி ஏன் அந்த நிலைப்பாட்டை எடுத்தார் என்பது ஆராய வேண்டிய கேள்வி. இருவரும் சமூகத்தின் கல்விக்குச் செய்த பணியை இந்தக் கேள்விகள் குறைக்கமாட்டா. கேள்வியே கேட்காத புகழ்ச்சிதான் அவர்களைச் சிறுப்பிக்கிறது.

இனி, தேர்தல் முடிவுகள் சொல்லும் முக்கியமான பாடத்துக்கு வருகிறேன். 1970இல் ஐக்கிய முன்னணி அலை அடித்தது. 151 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு மிஞ்சியது 17. அவற்றில் இரண்டு மத்திய கொழும்பில்: ஆர். பிரேமதாச, பளீல் கபூர். மூன்றாவது கெனமனுக்கு. 1977இல் அலை திசை மாறியது. 168இல் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியது வெறும் எட்டு. அவற்றில் ஒன்று மத்திய கொழும்பில் ஹலீம் இஷாக்குக்கு. மற்ற இரண்டும் ஐ.தே.க.வின் பிரேமதாசவுக்கும் ஜாபிர் ஏ. காதருக்கும். அதே வருடம் மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா–மஸ்கெலியாவில் காமினி திஸாநாயக்க, அநுர பண்டாரநாயக்க, சௌமியமூர்த்தி தொண்டமான் என மூன்று கட்சிக்காரர் தெரிவாகினர்.

எந்த அலையிலும் முழுசாக மூழ்காத தொகுதி என்று மத்திய கொழும்பைச் சொல்லலாம். தோற்ற கட்சிக்கும் சிறு சமூகத்துக்கும் அங்கே ஓர் இடம் மிஞ்சியது. தலைவர்களின் ஆளுமை அதற்கு உதவியிருக்கலாம். அந்த இடத்தை வைத்திருந்தது தேர்தல் முறைதான்.

1978 யாப்போடு விகிதாசார முறை வந்து, மத்திய கொழும்பு கொழும்பு மாவட்டத்தின் ஒரு தேர்தல் பிரிவாகச் சுருங்கியது. 1988இல் பதினைந்தாவது திருத்தம் வெட்டுப்புள்ளியைப் பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாகக் குறைத்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அதைப் பிரேமதாசவிடம் பேசிப் பெற்றார் என்பது நாம் அடிக்கடி சொல்கிற வரலாறு. அந்தப் பிரேமதாச மூன்று வாக்குக் கணக்கில் வளர்ந்த மத்திய கொழும்புக்காரர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 1960 மார்ச்சில் அவர் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனதே அங்கே மூன்றாவதாக வந்துதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். உள்ளூராட்சித் தேர்தலில் 2018இலேயே கலப்பு முறை வந்துவிட்டது. அங்கும் "பல அங்கத்தவர் வட்டாரம்" இருக்கிறது. பெயரைக் கேட்டவுடன், "பழைய மத்திய கொழும்பு மாதிரித்தானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. வாக்காளருக்கு ஒரே வாக்கு, அதுவும் கட்சிக்கு. வென்ற கட்சியே அந்த வட்டாரத்தின் எல்லா ஆசனங்களையும் எடுத்துக்கொள்ளும். பெயர் ஒன்று, வேலை நேர்மாறு. பழைய முறையை ஒழுங்காக எழுதி வைத்திருந்தால், புதுச் சட்டம் வந்தபோதே இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்ட நமக்கு ஆள் இருந்திருக்கும்.

மாகாண சபைக்கு 2017இல் கலப்பு முறைச் சட்டம் வந்தது. அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கை, 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை என்ற கணக்கில் வீழ்ந்தது. முஸ்லிம்களுக்குப் பாதகம் என்று நமது பிரதிநிதிகள் உரத்துப் பேசினார்கள். சரி, வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோமா? மேல் மாகாண சபைக்கு 2014 மார்ச்சில் நடந்ததே கடைசித் தேர்தல். மறுபடி எல்லை வகுக்க ஆள் வரும்போது, "எங்கட தலைவர்கள் அங்கே இருந்தவங்க" என்று மலரைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க ஏலாது. எந்த ஒழுங்கையில் யார் வாழ்கிறார்கள், கோடு எங்கே விழுந்தால் யாருடைய வாக்கு செத்துப்போகும், வாக்காளருக்கு எத்தனை வாக்கு, அதைக் குவிக்கலாமா என்பதை ஆதாரத்தோடு பேச வேண்டும்.

அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு வருகிறவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான்: தலைவரின் படத்தைப் போடுங்கள், துஆவும் செய்யுங்கள். பக்கத்திலேயே தேர்தல் முடிவுகளின் அட்டவணை ஒன்றையும், தொகுதியின் வரைபடம் ஒன்றையும், அந்தக் காலத்தில் வாக்குப் போட்ட நாலு முதியவர்களின் வாக்குமூலத்தையும் சேருங்கள். அந்த முதியவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.