எடைக்குறைப்பு ஊசிகள்: அந்தச் சதவீதப் பட்டியலை எப்படிப் படிப்பது?

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரு பட்டியல் கண்ணில் படும். லிராக்ளூடைட் 8%, செமாக்ளூடைட் 15%, டிர்செபடைட் 22.5%, இன்னும் ஆய்வில் இருக்கும் ரெட்டாட்ரூடைட் 24%. கீழே போகப் போக எண் ஏறிக்கொண்டே இருக்கும். படிக்கிறவர் மனசில் பதிவது ஒன்றுதான்: புதுசு வந்தாச்சு, பழசு வேஸ்ட்.

இந்த எண்களில் எதுவும் பொய் இல்லை. நாலையும் ஒரே பட்டியலில் அடுக்கியதில்தான் கோளாறு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. மூளைக்குப் 'போதும்' என்று சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. லிராக்ளூடைட்டும் செமாக்ளூடைட்டும் அதே வேலையைச் செய்பவை. முன்னது தினமும் போட வேண்டிய ஊசி, பின்னது வாரம் ஒரு முறை. டிர்செபடைட்டும் வாரம் ஒரு முறைதான், ஆனால் ஜி.ஐ.பி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. எடைக்குறைப்புக்கென்றே அமெரிக்காவில் இவற்றுக்கு அனுமதி கிடைத்தது முறையே 2014, 2021, 2023-ல். செமாக்ளூடைட் வெகோவி என்ற பெயரிலும், டிர்செபடைட் அங்கே செப்பவுண்ட், இங்கே மவுன்ஜாரோ என்ற பெயர்களிலும் விற்பனையாகின்றன.

ஒரே ஆய்வு, இரண்டு எண்கள்

எந்த ஆய்விலும் சிலர் பாதியிலேயே ஊசியை நிறுத்திவிடுவார்கள். அவர்களையும் அப்படியே கணக்கில் சேர்த்தால் ஒரு எண் வரும். 'எல்லாரும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தால்' என்று வைத்துக் கணக்கிட்டால் அதைவிடப் பெரிய எண் வரும். இரண்டுமே முறையான கணக்குதான். ஆனால் பதில் சொல்லும் கேள்விகள் வேறு வேறு.

டிர்செபடைட்டின் சர்மவுண்ட்-1 ஆய்வை எடுத்துக்குவோம். 2,539 பேர், 72 வாரம். உச்ச அளவான 15 மி.கி. போட்டவர்களுக்கு முதல் கணக்கில் 20.9%, இரண்டாவதில் 22.5%. செமாக்ளூடைட்டின் ஸ்டெப்-1 ஆய்வில் 1,961 பேர், 68 வாரம். முதல் கணக்கில் 14.9%, இரண்டாவதில் 16.9%. இப்போது மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்க. டிர்செபடைட்டுக்குப் பெரிய எண், செமாக்ளூடைட்டுக்குச் சின்ன எண். இடைவெளி 7.6 புள்ளி. ஒரே அளவுகோலில் வைத்தால் 6, இல்லாவிட்டால் 5.6. யாரும் பொய் சொல்லவில்லை, இடைவெளி மட்டும் வளர்ந்துவிட்டது!

2024 டிசம்பரில் நோவோ நார்டிஸ்க் தன் புதிய கூட்டு மருந்தான கேக்ரிசெமாவின் முடிவை அறிவித்தபோதும் இதே கதைதான். எல்லாரும் ஒழுங்காகப் போட்டிருந்தால் 22.7%, உள்ளபடி பார்த்தால் 20.4%. கம்பெனி எதிர்பார்த்திருந்ததோ 25%. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. 20 சதவீத எடைக்குறைப்பைத் 'தோல்வி' என்று தீர்மானித்தது நோயாளி இல்லீங்க, பங்குச்சந்தை. அந்தச் சந்தையின் கண்ணோட்டம்தான் நாம் படிக்கும் பட்டியல்களிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ரெட்டாட்ரூடைட்டின் 24% எங்கிருந்து வந்தது? 2023-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்விலிருந்து. மொத்தமே 338 பேர். அவர்களையும் பல அளவுகளாகப் பிரித்திருந்தார்கள். அதை இரண்டாயிரம் பேரைப் பார்த்த ஆய்வுக்குப் பக்கத்தில் அதே எழுத்தளவில் அச்சடிப்பது என்ன நியாயம்?

நேருக்கு நேர்

அப்படியானால் ஒப்பிடவே முடியாதா? முடியும். இரண்டு மருந்தையும் ஒரே ஆய்வில், ஒரே மாதிரி ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்திருக்கிறார்கள். 2025-ல் வெளியான சர்மவுண்ட்-5 ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத 751 பேர். 72 வாரத்தில் டிர்செபடைட்டுக்கு 20.2%, செமாக்ளூடைட்டுக்கு 13.7%. வயிற்றுத் தொந்தரவால் நிறுத்தியவர்களும் டிர்செபடைட் பக்கம்தான் குறைவு: 2.7%, எதிர்ப்பக்கம் 5.6%.

இதை நடத்தியது டிர்செபடைட்டைத் தயாரிக்கும் எலி லில்லி. யாருக்கு எந்த ஊசி என்பதும் மறைக்கப்படவில்லை. இரண்டும் குறைகள்தான். ஆனாலும் ஆறரைப் புள்ளி வித்தியாசம் அந்தக் குறைகளால் மட்டும் வந்துவிடாது. எடையை மட்டும் கேட்டால் டிர்செபடைட்தான் முன்னால் நிற்கிறது. அதில் எனக்குத் தகராறு இல்லை.

ஆனால் அது சராசரி. அதே ஆய்வில் 15 சதவீதமாவது குறைந்தவர்கள் டிர்செபடைட்டில் 64.6%, செமாக்ளூடைட்டில் 40.1%. அதாவது 'ஜெயித்த' மருந்தைப் போட்டவர்களில் மூன்றில் ஒருவர் அந்த அளவைத் தொடவில்லை. 'தோற்ற' மருந்தில் 16 சதவீதம் பேருக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருக்கிறது. செமாக்ளூடைட்டில் நன்றாக இருக்கும் ஒருவரிடம் இந்தச் சராசரியைக் காட்டி 'மாத்திடுங்க' என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

எடை மட்டுமா விஷயம்?

என் பெரிய ஆட்சேபம் இங்கேதான். எடை ஏன் குறைய வேண்டும்? மாரடைப்பு வரக்கூடாது, மூச்சு வாங்கக்கூடாது, மூட்டு தாங்க வேண்டும். 2023-ல் வந்த செலக்ட் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து 20% குறைத்தது. அதில் எடை குறைந்தது சராசரியாக 9 சதவீதத்தைச் சுற்றித்தான். நம் பட்டியலில் வைத்தால் கடைசிக்குப் பக்கத்து வரிசை!

டிர்செபடைட்டுக்கும் பெரிய இதய ஆய்வு உண்டு. ஆனால் அது டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம், டூலாக்ளூடைட் என்ற பழைய ஊசியோடு ஒப்பிட்டது. அதற்குக் குறைந்ததல்ல என்று நிரூபணமானது. கேள்வியே வேறு என்பதால் இந்த இரண்டு இதய ஆய்வுகளையும் வைத்து வெற்றி தோல்வி சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், உடல்பருமனோடு வரும் தூக்க மூச்சுத்திணறலுக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது டிர்செபடைட். ஆக, எந்த ஊசி மேல் என்பது உங்களுக்கு என்ன நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டியலில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நிறுத்தினால்?

இன்னொரு கட்டமும் காணோம். ஸ்டெப்-1 முடிந்ததும் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. டிர்செபடைட்டும் விதிவிலக்கல்ல. சர்மவுண்ட்-4 ஆய்வில் 36 வாரத்தில் 20.9% குறைந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். தொடர்ந்தவர்களுக்கு இன்னும் 5.5% குறைந்தது, வெறும் ஊசிக்கு மாறியவர்களுக்கு ஒரு வருடத்தில் 14% ஏறியது.

ஆகவே இது ரத்த அழுத்த மாத்திரை மாதிரி, ஒரு கோர்ஸ் போட்டு முடிக்கிற விஷயம் இல்லை. ஒரு வருடம் கடன் வாங்கிப் போட்டுவிட்டு நிறுத்த வேண்டி வரும் 20 சதவீதத்தைவிட, தொடர்ந்து கட்டுப்படியாகும் 13 சதவீதம் மேல். கைக்காசு போட்டு வாங்குகிற நம்மூருக்கு இது ரொம்பவே பொருந்தும். செமாக்ளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்க வழி உண்டு. 'பழசு' என்று ஒதுக்கப்படும் மருந்தே இங்கே நிறையப் பேருக்குத் தாக்குப்பிடிக்கிற மருந்தாகலாம்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்-1, சர்மவுண்ட்-1 இரண்டிலும் கலந்துகொண்டவர்களின் சராசரி எடை சுமார் 105 கிலோ, பி.எம்.ஐ. 38. இந்தியாவில் 25-லிருந்தே உடல்பருமன் என்று கணக்கிடுகிறோம். 75 கிலோ இருக்கும் ஒருவருக்கு 21 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 16 கிலோ. குறைகிற எடையில் தசையும் ஒரு பங்கு. அவருக்கு அவ்வளவு குறையத்தான் வேண்டுமா?

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் வந்தால் நாலு கேள்வி கேளுங்க. பாதியில் விட்டவர்களைச் சேர்த்த எண்ணா? நேருக்கு நேர் பார்த்ததா? எடையைத் தவிர வேறென்ன நிரூபணமாகியிருக்கிறது? மூன்று வருடம் கழித்தும் இதை என்னால் வாங்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எந்த ஆய்விலும் கிடைக்காது. மருத்துவரிடம் பேச ஆரம்பிக்க வேண்டியது அங்கிருந்துதான்.