வில்லையைக் காட்டு

ஹோல் சாவில் புது பிராண்டு எதை எடுத்தாலும் முதலில் 22 எம்.எம். ஒன்று மட்டும்தான் வாங்குவேன். 1.6 சி.ஆர்.சி.ஏ. ஷீட்டில் நான்கு ஓட்டை. விழுகிற நான்கு வில்லைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். மற்ற சைஸ்களை வாங்கலாமா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓட்டையைப் பார்த்துத் தரம் சொல்கிறவர்கள் உண்டு. ஓட்டைக்கு அரம் போட்டுவிடலாம். கிளாண்ட் மாட்டினால் மூடிவிடும். புஷ் பட்டனின் வளையம் எத்தனையோ குற்றங்களை மறைத்திருக்கிறது. வில்லையை யாரும் திருத்துவதில்லை. ஹோல் சா எப்படி வெட்டியதோ அப்படியே கீழே கிடக்கும்.

நல்ல வில்லையின் விளிம்பு வெள்ளையாக, மெல்லிய கோடுகள் சீராகச் சுற்றி ஓடியிருக்கும். அடியில் பிசிறு இருக்கத்தான் செய்யும், ஆனால் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் கை சாய்ந்திருக்கிறது, அல்லது ஹோல் சாவின் கப் நேராக உட்காரவில்லை. விளிம்பு நீலம் பாரித்திருந்தால் சுற்று அதிகம். நடுவில் பைலட் போன ஓட்டை வட்டம் கெட்டு அகன்றிருந்தால் கப்பை டிரில்லில் பிடிக்கும் ஆர்பரில் ஆட்டம். இவ்வளவையும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு தகட்டுத் துண்டு சொல்லிவிடுகிறது. விரலில் எடுக்கும்போது சூடாக இருக்கும், அவ்வளவுதான்.

அம்பத்தூரில் நான் தொழில் பழகிய பட்டறையில் ஃபோர்மேன் ஓட்டை போடும் பேனல் கதவுப் பக்கமே வரமாட்டார். அவர் மேஜையிலிருந்தே, "டேய், வில்லையக் கொண்டா" என்பார். கொண்டுபோய் வைத்தால் கட்டை விரலால் விளிம்பைத் தடவிவிட்டு, "எண்ணெ போடல நீ" என்பார். போட்டிருக்கமாட்டேன். எம்.எஸ்., எஸ்.எஸ். இரண்டுக்கும் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம் என்பது அவர் பாடம். அவர் காலத்துக்கு முன்பு வட்டம் கீறி, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகளாகப் போட்டு, உளியால் தட்டி எடுத்து, அரைநாள் அரம் போட்டிருக்கிறார்கள். அதனால் ஹோல் சாவை அவர் துணியில் சுற்றித்தான் வைப்பார்.

பல்லைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. எம்.42, அதில் 8 சதவீதம் கோபால்ட், அந்தப் பல் பட்டையை வளையும் தன்மையுள்ள எஃகோடு வெற்றிடத்தில் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்துப் பை-மெட்டல் ஆக்குவது எல்லாம் பெரிய வித்தைதான். கப்பின் பக்கவாட்டில் பட்டையின் இரு முனைகளும் சேருகிற மேலிருந்து கீழான இணைப்பைக் கவனிப்பவர்கள் குறைவு. அதில் விரலை ஓட்டிப் பாருங்கள். படி தட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். வெட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு அடி விழும். அந்த அடி பல்லையும் தின்னும், மணிக்கட்டையும் தின்னும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் ஆர்பரை வைக்கிறேன். 22 என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் முக்காலே அரைக்கால் அங்குலம். கணக்குப் பார்த்தால் 22.2. புஷ் பட்டனுக்கு வேண்டிய ஓட்டை 22.3, அதற்கு மேல் 0.4 வரை போகலாம். ஆகவே ஆட்டத்தில் கூடுவது 0.1-க்கும் 0.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஓட்டை கெட்டது. சாதாரண பட்டன் என்றால் கொஞ்ச நாள் தாங்கும். திருகி விடுவிக்கிற எமர்ஜென்ஸி ஸ்டாப்பை அந்த ஓட்டையில் மாட்டினால், ஆபரேட்டர் திருகும்போதெல்லாம் பின்னாலிருக்கிற பாடியும் சேர்ந்து திரும்பும், வயர் முறுக்கிக்கொள்ளும். நான் மாட்டிய பேனல் ஒன்றில் ஆறு மாதத்தில் டெர்மினலிலிருந்து வயர் கழன்றே வந்தது. அந்த ஓட்டையைப் போட்ட ஹோல் சா முதல் தரம். ஆர்பர் மட்டும் அவசரத்துக்கு வாங்கிய வேறொன்று.

30 வரை உள்ள கப்புகளுக்கு அரை அங்குல மரை, 32-லிருந்து அரையே அரைக்கால் மரையும் இரண்டு பின்னும். பின் உள்ள ஆர்பரில் கப்பை முழுக்க இறுக்கிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனது கேட்பதில்லை. கொஞ்சம் பின்னால் திருப்பி, பின் இரண்டும் ஓட்டைகளில் இறங்கிய பிறகுதான் ஓட்ட வேண்டும். முறுக்கைத் தாங்குவது பின்னின் வேலை. மரை தாங்கினால் மரை போகும், கப்பும் சிக்கிக்கொள்ளும், பிறகு வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடிப்பார்கள்.

1880-ல் மாசசூசெட்ஸில் ஏதோல் என்ற ஊரில் தொடங்கிய ஸ்டாரெட்தான் எனக்கு. பிரேசில் என்று அச்சிட்ட கப்புகள் என்னிடம் ஏழெட்டு இருக்கின்றன. அடித்தட்டு ஆர்பரின் தோளில் உட்காரும் விதத்துக்காகவே அவற்றை விடமாட்டேன். லெனாக்ஸ் பிரியர்கள் பக்கவாட்டில் இருக்கிற படிப்படியான நீளத் துளையைச் சொல்வார்கள். சிக்கிய வில்லையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்க அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வில்லை எப்படி வெளியே வருகிறது என்பதைவிட எப்படி வெட்டுப்பட்டது என்பதே எனக்கு முக்கியம். கார்பைட் பல் வைத்த டி.சி.டி.யைத் தவிர வேறெதையும் தொடாத நண்பர் ஒருவர் இருக்கிறார். எஸ்.எஸ். தகட்டில் பென்ச் டிரில்லில் வைத்து அவர் போடும் ஓட்டை அழகோ அழகு. ஏணிமேல் நின்று கை டிரில்லில் போடும்போது ஒரு சாய்வு போதும், கார்பைட் உதிர்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பேனலில் தூள் விழக்கூடாது என்றால் நானும் நாக்-அவுட் பஞ்சைத்தான் எடுப்பேன். ஆனால் பஞ்ச் ஷீட்டோடு சரி. ஆங்கிள், சானல் என்று வந்தால் பை-மெட்டல்தான் கூட வரும்.

இப்போதெல்லாம் கடையில் பெட்டியாகத்தான் தருகிறார்கள். பதினாறு பீஸ், தங்க நிறப் பூச்சு, மேலே பெரிய எழுத்தில் எம்.42. அப்படி ஒரு பெட்டியை நம்பி வாங்கினேன், 2 எம்.எம். எஸ்.எஸ். தகட்டில் மூன்றாவது ஓட்டையிலேயே பல் மழுங்கிப் போனது. எடுத்துப்போய்க் கொடுத்தால் ஓட்டிய சரக்கைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். சரக்கு மட்டமானது ஒரு பக்கம் என்றால், கை கெட்டுப்போனது இன்னொரு பக்கம். 22-க்கு எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 390 சுற்று, எஸ்.எஸ்.ஸில் அதில் பாதி. சைஸ் இரட்டித்தால் சுற்று பாதி. பையன்கள் இரண்டாயிரத்துக்கு மேல் சுற்றும் 10 எம்.எம். டிரில்லில் மாட்டி, டிரிக்கரை முழுக்க அழுத்தி, மேலே சாய்ந்து நிற்கிறார்கள். புகை வரும். வில்லை கருநீலமாக விழும். அதை யாரும் குனிந்து எடுப்பதில்லை, துடைப்பத்தோடு போய்விடுகிறது. ஓட்டை போட்டவனுக்குத் தன் தப்பு கடைசிவரை தெரிவதே இல்லை.

மொட்டை மாடி டேங்குக்கு ஜி.ஐ. பைப்பை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வைத்து ஓட்டை போட்ட காலத்தையும் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் பிளாஸ்டிக் உருகித் தடித்திருக்கும், எத்தனை வாஷர் போட்டாலும் கசியும். 42 எம்.எம். கப்பை மெதுவாக விட்டால் அதே டேங்கில் வெண்ணெய் வெட்டியது போல வட்டமாக ஒரு துண்டு கழன்று விழும்.

சென்ற மாதம் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கடையில் சின்ன ஆர்பர் தனியாகக் கேட்டேன். கடைப் பையன் உள்ளே போய் வெகுநேரம் தேடினான். "தனி ஆர்பர் யாருண்ணே கேக்குறாங்க, எல்லாம் செட்டாத்தான் போகுது" என்று சொல்லிக்கொண்டே தூசி படிந்த இரண்டு அட்டைகளைத் தட்டி மேஜைமேல் வைத்தான். ஒன்றைப் பிரித்து, பைலட்டைப் பிடித்து உருட்டிப் பார்த்தேன். முனை துளியும் ஆடவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.