குடாவடி: கரடிக்குரிய ஓர் அடைமொழி

பண்டைத் தமிழில் கரடிக்கு எண்கு, உளியம் என்னும் பெயர்கள் வழங்கின. நிகண்டுகள் இவற்றோடு குடாவடி என்பதனையும் சேர்த்துக் கூறும். இந்நிகண்டுப் பொருளை எல்லா இடத்தும் கொள்ளல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

திருமுருகாற்றுப்படையில், பழமுதிர்சோலை அருவியைப் புனையும் இறுதிப் பகுதியில், இச்சொல் உளியம் என்பதற்கு முன் அடுத்து நிற்கின்றது. ஆங்குக் குடாவடிக்குக் கரடி என்றே பொருள் கொண்டால் 'கரடியாகிய கரடி' எனத் தொடர் பயனற்றுப் போகும். குடா என்பது வளைவு. நிலத்துள் வளைந்து புகும் கடல் குடாக்கடல். உட்குழிந்த கை குடங்கை. ஆகவே குடாவடி என்பது 'வளைந்த அடி' எனப் பண்புத்தொகையாம். உளியத்தோடு சேருங்கால் 'குடாவடியை உடைய உளியம்' என விரியும். உளியம் என்பது நீங்கத் தனித்து நின்று அவ்விலங்கையே உணர்த்துங்கால் அன்மொழித்தொகையாம். அடைமொழியே முந்தியது, பெயர் அதனின்று பிறந்தது.

இவ்வடைமொழி வெறும் புனைவன்று. வேலூரை அடுத்த சத்துவாச்சாரிக்குத் தெற்கே விரியும் சவ்வாது மலைக்காடுகளில் இக்கரடி இன்றும் வாழ்கின்றது. புற்றினை அகழ்ந்து கறையான் தின்னும் இவ்விலங்கின் நகங்கள் நீண்டு வளைந்தவை. நடக்குங்கால் முன்னடிகள் உட்புறமாகத் திரும்பும். மலைவாழ் மக்கள் அறிந்த இந்நடையையே புலவர் சொல்லாக்கினார்.

இதே கரடிக்கு மேனாட்டார் இட்ட பெயரையும் ஒப்புநோக்கலாம். 1791இல் ஜார்ஜ் ஷா என்பார் இதன் நகங்களை நோக்கி, மரக்கிளையில் தொங்கி வாழும் தென்னமெரிக்க விலங்கினத்துள் இதனை அடக்கி, 'பிராடிபசு உர்சினசு' எனப் பெயரிட்டார். முற்சொல் 'மந்த அடியது' எனவும், பிற்சொல் 'கரடியை ஒத்தது' எனவும் பொருள்படும். இது கரடியே எனத் தெளிந்தபின் முற்சொல்லை மாற்றி, தேன்கரடி எனும் பொருளில் 'மெலர்சசு' என்றனர். பிற்சொல் மாறவில்லை. அதனால் கரடியொன்று 'கரடியை ஒத்தது' என்னும் அடைமொழியை இன்றும் தாங்கி நிற்கின்றது.

குடாவடி உளியத்தைக் 'கரடி' என்றளவில் உரைத்துச் செல்வோரும் இத்தகைய பயனின்மைக்கே இடந்தருகின்றனர். 'வளைந்த அடியினையுடைய கரடி' என்று எழுதினாலன்றிப் புலவர் கண்ட காட்சி மாணவர்க்குப் புலனாகாது என்பதே எம் கருத்து.