உயர்ந்த ஆட்டம் எது?

கள்ளக்குறிச்சியில் ஒரு படிப்பகம். மாலை வேளை. நாளேடுகள் விரித்தது விரித்தபடி கிடந்தன, படிப்பாரில்லை. குழுமியிருந்த தோழர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நின்று வழக்காடிக்கொண்டிருந்தனர். தேர்தலைப் பற்றியதாக இருக்கும், அல்லது விலைவாசியைப் பற்றியதாக இருக்கும் என்றெண்ணி நாமும் உள்ளே நுழைந்தோம். கபடி உயர்ந்ததா, கிரிக்கெட் உயர்ந்ததா? இதுதான் வழக்கு!

"கிரிக்கெட் வெள்ளையன் விட்டுச்சென்ற மிச்சம். கபடி நம் மண்ணின் ஆட்டம், தமிழன் இரத்தத்தில் ஊறிய ஆட்டம்" என்றார் ஒருவர், மார்தட்டி.

"மண்ணின் ஆட்டம் மண்ணிலேயேதான் கிடக்கிறது! 2024ஆம் ஆண்டு ஏலத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்தார்களே, உம் கபடியில் அதில் பத்தில் ஒரு பங்கேனும் எவருக்காவது கிடைத்ததுண்டா?" என்றார் மற்றவர்.

"இரண்டும் வேண்டாம் ஐயா! ஊர்த் திருவிழாவில், குழல்விளக்கு வெளிச்சத்தில், விடிய விடிய நடக்கிறதே, அந்தக் கபடிக்கு ஈடு ஏது?" என்று மூலையிலிருந்து மூன்றாம் குரல் ஒன்று எழுந்தது.

"ஆசிரியர் வந்துவிட்டார், அவரே சொல்லட்டும்" என்று எல்லோரும் நம் பக்கம் திரும்பினர். நாமோ இரண்டு ஆட்டத்தையும் கண்கொட்டாமல் பார்ப்பவர். ஐ.பி.எல். இறுதியாட்டத்துக்காக விடைத்தாள் திருத்துவதைத் தள்ளிப்போட்ட குற்றமும் நமக்கு உண்டு. எனவே அன்று ஏதோ சொல்லி நழுவி வந்துவிட்டோம். வழியெல்லாம் அந்த வழக்கு நம்மை விடவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறோம்.

இரத்தத்தில் ஊறிய ஆட்டம் என்றாரே தோழர், அதை முதலில் பார்ப்போம். 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டில் கபடி பதக்கத்துக்குரிய ஆட்டமாக நுழைந்தது. அன்று தொட்டு 2014 வரை ஏழு முறை நடந்தது. ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. 2010இல் மகளிர் பிரிவு சேர்ந்தது; அதிலும் அடுத்தடுத்து இருமுறை தங்கம். பார்த்தீர்களா, இரத்தம் பேசுகிறது என்றனர். வந்தது 2018, ஜகார்த்தா. தொடக்கச் சுற்றில் தென்கொரியாவிடம் 23–24 என ஒரே புள்ளியில் தோல்வி. அரையிறுதியில் ஈரானிடம் 18–27. ஆடவர் வெண்கலத்தோடு திரும்பினர். மறுநாள் மகளிர் இறுதியாட்டம்: ஈரான் 27, இந்தியா 24.

இரத்தம் எங்கே போயிற்று? ஓரிரவில் வற்றிவிட்டதா? பாரசீகத்துப் பெண்களின் நாளங்களுக்குள் பாய்ந்துவிட்டதா?

பாய்ந்தது இரத்தமன்று, பயிற்சி. அந்த ஈரான் மகளிர் அணிக்குப் பயிற்சியளித்தவர் யார் தெரியுமா? நாசிக் நகரத்து ஷைலஜா ஜெயின். நம் நாட்டுப் பெண்மணி! ஈரான் ஆடவர் அணியின் தலைவர் பசல் அத்ராச்சலி, நம் நாட்டுப் புரோ கபடிக் களத்தில் ஆடி ஆடித் தேறியவர். கொரியாவின் ஜாங் குன் லீயும் அவ்வாறே. கற்பித்தால் வருகிறது; பழகினால் படிகிறது. கணுக்காலைப் பற்றுவதற்கும், பற்றிய கையை உதறி நடுக்கோட்டைத் தொடுவதற்கும், கண்ணும் காலும் மூச்சும் போதும். பிறப்பைக் கேட்பாரில்லை. பிறவியிலேயே அறிவு சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை என்று சொல்லித்தானே நம்மை நெடுங்காலம் பள்ளிக்கூட வாயிலில் நிறுத்தி வைத்தார்கள்? அந்த வாதத்தையே எடுத்துக் கபடிக்குப் பொன்னாடையாகப் போர்த்துகிறார் நம் தோழர்!

ஆட்டத்தைச் சுவைப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். தோற்ற அன்று நமக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அதன் பிறகுதான் ஆசியக் கபடி பார்க்கத்தக்க கபடியாயிற்று. 2014 இறுதியாட்டத்திலேயே ஈரான் 25–27 என்று நெருங்கி வந்து எச்சரித்திருந்தது. 2022க்குரிய ஆசிய விளையாட்டு 2023இல் ஹாங்சோவில் நடந்தபோது, நம் மகளிர் சீன தைபே அணியை வென்றது 26–25 என ஒரே ஒரு புள்ளியில். ஆடவர் இறுதியாட்டம் நடுவர் தீர்ப்பில் சிக்கி நெடுநேரம் நின்று, கடைசியில் 33–29 என முடிந்தது. இருக்கையின் நுனியில் நாம் அமர்ந்திருந்தோம். எதிரில் வலிவுள்ள அணி இல்லாத நாளில் வென்ற தங்கமும், அன்று வென்ற தங்கமும் எடையில் ஒன்றுதான். மதிப்பில் ஒன்றல்ல.

கிரிக்கெட் தோழர் இதைக் கேட்டு மகிழ்வார். மகிழவேண்டாம். அவர் போற்றும் ஆட்டம் ஒலிம்பிக்கில் நடந்த கதையைச் சொல்கிறோம். 1900ஆம் ஆண்டு, பாரிஸ். கலந்துகொண்டவை இரண்டே அணிகள். நடந்தது ஒரே ஆட்டம். பிரிட்டன் வென்றது, பிரான்சு தோற்றது. தோற்ற பிரான்சு அணியில் ஆடியவரிலும் பெரும்பாலோர் பாரிசில் குடியிருந்த ஆங்கிலேயரே! அதற்குப் பிறகு 2028இல் லாஸ் ஏஞ்சல்சில்தான் கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது. உலக ஆட்டம், உலக ஆட்டம் என்று உரத்துச் சொல்லுமுன் இதையும் நினைவில் வைப்பது நலம்.

கோடிக் கணக்கைக் காட்டி உயர்வு பேசுகிறார் அவர். ஓர் ஆட்டத்தின் உயரத்தை அளக்க நாம் கேட்கும் கேள்வி வேறு. ஏணியின் முதற்படியில் கால்வைக்க யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை? இந்தக் கேள்வியோடு கிரிக்கெட்டின் பழைய வீட்டுக்குள் புகுந்து பார்த்தால், அங்கே நமக்கு நன்கு பழக்கமான நாற்றம் அடிக்கிறது.

இங்கிலாந்தில் 'கனவான்கள்', 'ஆட்டக்காரர்கள்' என்று இரு வகுப்பு வைத்திருந்தார்கள். கூலி வாங்காமல் பொழுதுபோக்காக ஆடுபவன் கனவான். பிழைப்புக்காக ஆடுபவன் ஆட்டக்காரன். இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தி 1806 முதல் போட்டியே நடத்தினர். உடைமாற்றும் அறை வேறு, களத்துக்கு வரும் வாயில் வேறு. அச்சிட்ட அட்டையில் கனவானுக்குப் பெயரின் முன்னால் தலைப்பெழுத்து, ஆட்டக்காரனுக்குப் பெயரின் பின்னால்! 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் பிரெட் டிட்மஸ் என்ற ஆட்டக்காரருக்குத் தவறிப்போய்த் தலைப்பெழுத்தை முன்னால் அச்சிட்டுவிட்டார்கள். அதைத் திருத்திக்கொள்ளும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்! பூணூல் இல்லாத வருணாசிரமம். 1962 வரை அது உயிரோடிருந்தது.

நம் நாட்டில் பூணூலோடே இருந்தது. பம்பாயில் இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி, ஐரோப்பிய அணி என்று மதத்துக்கொன்றாய்ப் பிரித்து ஆடினார்கள். 1940களின் நடுப்பகுதி வரை அந்தப் போட்டி நடந்தது. அந்த இந்து அணிக்குப் பந்துவீசிப் பெயர் வாங்கித் தந்தவர் பல்வங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். பூனாவில் களத்துக்குள் அவர் கைப்பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்குத் தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில்! 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அவருக்கு இந்து அணியின் தலைமை கிட்டவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது 1923இல்.

பழங்கதை பேசி இன்றைய கிரிக்கெட்டைக் கழுவேற்றுவது நம் நோக்கமன்று. கதவு திறந்திருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. நம் அண்டை மாவட்டமான சேலத்தில் சின்னப்பம்பட்டி என்றோர் ஊர். கூலி வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்து, டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய த. நடராஜன், 2020 டிசம்பரிலிருந்து 2021 சனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். அவ்வாறு இறங்கிய முதல் இந்தியர் அவரே. திரும்பி வந்தவர் தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். 2023இல் அது திறக்கப்பட்டது. வாங்கிய கோடியைவிட அந்த மைதானம் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் தோழர், உறைந்த பந்தும் கால்காப்பும் கையுறையும் மட்டையும் சேர்த்து என்ன விலை என்று கள்ளக்குறிச்சிக் கடையில் கேட்டுப் பாரும். கூலிக்காரன் பிள்ளை டென்னிஸ் பந்தோடு நின்றுவிடுவது ஏன் என்று புரியும்.

கபடிக்கு அந்தச் செலவில்லை. ஆகவே அது ஏழையின் ஆட்டம், எல்லோரின் ஆட்டம் என்பார் மண்ணின் தோழர். செலவில்லை, உண்மை. எல்லோரின் ஆட்டமா? ஊருக்கு ஓர் அணி இருக்கும் இடங்கள் எத்தனை, தெருவுக்கு ஓர் அணி இருக்கும் இடங்கள் எத்தனை? தெரு என்றால் என்னவென்று நம் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலிருந்தவர், 1995க்கு அர்ஜுனா விருது பெற்றவர், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். அவர் வாழ்வைத் தழுவி 2025இல் 'பைசன்' என்ற படம் வந்தது. கொட்டகையில் கைதட்டியவர்களுக்கெல்லாம் ஒரு சொல்: ஒருவனைக் கபடிக் கோட்டைத் தாண்டவிடாமல் பிடித்தது எதிரணியின் எழுவர் மட்டுந்தானா என்று அந்தப் படம் கேட்கிறது. கேள்வி திரையோடு முடியவில்லை.

ஒளிவெள்ளக் கபடிக்கு வருவோம். 2014இல் புரோ கபடி எட்டு அணிகளோடு தொடங்கியபோது தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். 2017இல் தமிழ் தலைவாஸ் வந்தது. உரிமையாளருள் ஒருவர் யார்? சச்சின் டெண்டுல்கர்! மண்ணின் ஆட்டத்துக்கு மட்டையடி மன்னர் துணை வேண்டியிருந்தது. முதல் மூன்று ஆண்டும் அடிவரிசைதான். 2022இல் பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சத்துக்கு வாங்கினார்கள். அவர் முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். அந்த ஆண்டுதான் அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது! கோடியால் உயர்வை அளக்கும் தோழர் இதற்கு விடை சொல்லவேண்டும்.

திருவிழாக் கபடியே சிறந்தது என்ற மூன்றாம் தோழருக்கு நாம் இசைய முடியவில்லை. கச்சிராயபாளையம் பக்கத்தில் அவ்வித ஆட்டங்கள் பலவற்றை நாம் விடியும்வரை நின்று பார்த்திருக்கிறோம். ஒலிபெருக்கிக்காரரின் நகைச்சுவை, பரிசுக் கிடாயின் கனைப்பு, புழுதி, எல்லாம் இனிமைதான். ஆனால் திறமையை வைத்துச் சொன்னால் அது கீழ்ப்படியே. நடுவர் உள்ளூர்க்காரர், தீர்ப்பு தெருவைப் பார்த்து வளைகிறது. இறுதியாட்டத்துக்குள் பாதி அணியும் வெளியூரிலிருந்து பணம் கொடுத்து அழைத்துவந்தவர்களாக இருக்கிறார்கள். முப்பது நொடிக்குள் ஏறிப்பாடித் திரும்பவேண்டும், இரண்டு வெற்றுப் பாட்டுக்குப் பின் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டும் என்ற கட்டுப்பாடுகளோடு மேட் விரிப்பில் நடக்கும் ஆட்டத்தில் கூர்மை மிகுதி. பழைமை என்பதற்காக ஒன்றைப் புகழும் வழக்கத்தை மற்ற இடங்களில் கண்டிக்கும் நாம், கபடியில் மட்டும் எப்படிக் கைக்கொள்வது?

அந்த மேட் விரிப்புதான் இப்போது நம் நெஞ்சில் உறுத்துகிறது. கல்வராயன் மலைப் பிள்ளைகள் சிலரைப் போட்டிக்கு அழைத்துச் செல்ல ஆள் தேவை என்றார்கள். நாம் வகுப்பில் வரலாறு நடத்துபவர். உடற்கல்விக்கும் நமக்கும் தொடர்பில்லை. ஆயினும் சென்றோம். பள்ளிப் போட்டிகளின் ஏணி இது: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். 2019க்கு முன்பு இரண்டாம் படிக்கே இந்த மலைப் பிள்ளைகள் விழுப்புரம் மாவட்டத்து அணிகள் அனைத்தோடும் மோதவேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்ட ஏணியும் தனியாயிற்று. ஆட்சியர் அலுவலகம் வந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். மாநிலப் போட்டிக்குச் செல்ல இன்னும் பன்னிரண்டு சிறுமியருக்கு இடம் பிறந்ததை எவரும் பேசக் காணோம்.

குறுவட்டத்தை நம் சிறுமியர் மண்தரையில் எளிதாக வென்றனர். மரவள்ளிக் காட்டிலும் சாமைக் காட்டிலும் ஏறி இறங்கிய கால்கள். பிடித்தால் விடாத கைகள். அடுத்த களத்தில் மேட் விரித்திருந்தது. மற்ற அணியினர் காலில் கபடிக்குரிய ஷூ. நம் பன்னிருவரில் ஷூ உள்ளவர் நால்வர். அதுவும் ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கியவை. வெறுங்கால் அந்த விரிப்பில் வழுக்கியது; திரும்பும்போது தோல் எரிந்தது. இடையில் ஒருத்தியை மாற்றி இன்னொருத்தியை இறக்கியபோது, வெளியே வந்தவள் கோட்டருகே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். உள்ளே போகிறவள் அதை மாட்டிக்கொண்டாள். "நேரமாகிறது, நேரமாகிறது" என்று நடுவர் கையை ஆட்டினார். ஆறு புள்ளியில் தோற்றோம். ஆட்டத்தில் எதிரணியைவிட நம்மவர் தாழ்ந்தவரா என்று அந்த எண்ணைப் பார்த்து எவரால் சொல்ல முடியும்?

வெள்ளிமலைக்குப் போகும் கடைசிப் பேருந்தில் ஏறினோம். பெரியார் அருவியை இருட்டில் கடந்தபோது அணித்தலைவி கேட்டாள்: "சார், பெண்கள் கபடியை டி.வி.யில் எப்போது காட்டுவார்கள்?" 2016இல் புரோ கபடிக்காரர்கள் மூன்று அணிகளோடு ஒரு மகளிர் போட்டி நடத்தினார்கள், அடுத்த ஆண்டு அதைத் தொடரவில்லை. அதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பெண்கள் அணி இறுதியில் ஈரானை 75–21 என வென்றதையும், அந்த அணியில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகரிலிருந்து வந்தவர் என்பதையும் சொன்னோம். மாடி வீட்டுப் பிள்ளையல்ல, ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டவர்களின் பகுதியிலிருந்து வந்த பிள்ளை. "அவங்க ஷூ போட்டு ஆடுவாங்களா சார்?" என்றாள் பின்னிருக்கைச் சிறுமி.

மறுவாரம் படிப்பகத்துக்குச் சென்றோம். வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. தீர்ப்புக்குப் பதிலாக ஒரு தாளை நடுவில் வைத்தோம்: அளவு 4 மூன்று சோடி, அளவு 5 ஐந்து சோடி. முதலில் பணம் எடுத்தவர் கிரிக்கெட் தோழர். கொடுத்துவிட்டு, "இதனால் கபடி உயர்ந்தது என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகாது" என்றும் சொல்லி வைத்தார்.