மிஸ்ட் தொடரின் இறுதி ஆட்டம்: புதிரும் புலமும்

தொல்காப்பியர் செய்யுளியலில் பிசியையும் இலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணியுள்ளார். விடுகதைக்குரிய விடை, அதனைக் கேட்பவர் புழங்கும் உலகினின்றே பிறத்தல் வேண்டும். கணினியில் ஆடப்பெறும் புதிர் ஆட்டங்களையும் இவ்வளவுகோல் கொண்டு நோக்கலாம் என்பது நம் கருத்து. தமிழாசிரியர்க்கு இஃது அயலான துறையன்று. நம் மாணவர் விடுகதையைக் காட்டிலும் இவற்றோடுதான் மிகுதியாகப் பழகுகின்றனர்.

மில்லர் உடன்பிறப்பினர் இருவரின் சயன் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘மிஸ்ட்’, புதிர் ஆட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது. அதன் தொடர்ச்சியான ‘ரிவன்’ 1997இல் வந்தது. மூன்றாவதையும் நான்காவதையும் பிற நிறுவனங்கள் உருவாக்கின. 2005இல் ‘மிஸ்ட் ஐந்து’ மீண்டும் சயனின் கையிலிருந்தே வெளிவந்தது. ஆகவேதான் அதன்மேல் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது.

‘ரிவன்’ தந்த ஒரு புதிரை இங்கே விரித்துரைத்தல் தகும். தன்னைத் தெய்வமென நாட்டிக்கொண்ட கென் என்பவன் ஆளும் தீவுகளில் ஒரு பள்ளிக்கூடம் உள்ளது. அங்கே எண் கற்பிக்கும் பொம்மை ஒன்று காணப்படுகிறது. அதனை இயக்கினால் ஓர் எண் தோன்றும். அவ்வெண் அளவிற்குத் தொங்கும் மனித உருவொன்று கொடிய கடல்விலங்கின் வாயை நோக்கி இறங்கும். இவ்வாறு 1 முதல் 10 வரை அறிகிறோம். ஒன்றன் குறியைத் திருப்பி வைத்தால் ஐந்து வருவதைக் கண்டு, எஞ்சிய எண்களை நாமே உய்த்துணர்கிறோம். எண்ணைக் கற்கும்பொழுதே அச்சிறார்க்கு ஊட்டப்பட்ட அச்சத்தையும் கற்றுவிடுகிறோம். புதிரும் புலமும் இங்கே வேறல்ல.

நம் மண்ணிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். கெடா மாநிலத்துப் பாடாங் மேஹா முதலிய தோட்டங்களுக்குப் புதிதாய் வந்த ஒருவர், பால்மரத்து வெட்டு ஏன் இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிகிறது என வினவுவதாகக் கொள்வோம். பட்டைக்குள் பாற்குழாய்கள் மேலேறுகையில் சற்றே வலப்புறம் சாய்ந்தே ஓடுகின்றன. அச்சரிவில் வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் பெருகும். விடை மரத்திலேயே இருக்கிறது. மரத்தை அறியாமல் விடையை மட்டும் மனனம் செய்வதில் பயனில்லை. (விடுகதைகளை வினா, விடை எனப் பட்டியலிட்டு ஒப்புவிக்கச் செய்யும் நம் வகுப்பறைகளையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.)

ஐந்தாம் ஆட்டத்தில் இவ்வியைபு அறுந்துபோயிற்று. ஈஷர் என்னும் முதியவன் இடந்தோறும் தோன்றி நெடுநேரம் பேசுகிறான். கண்டறிய வேண்டியவற்றைக் கேட்டறிய வேண்டியதாகிறது. முன்னைய ஆட்டங்களில் நடிகர்கள் நேரில் தோன்றினர். இதிலோ கணினி வார்த்த உருவங்களே உலவுகின்றன. இதனைப் பெருங்குறையாக நாம் கருதவில்லை. எங்கும் உலவித் திரியும் உரிமை அதற்கு ஈடாகக் கிடைத்தது. வெளிவந்த காலத்தில் விமர்சகர் பலரும் பாராட்டவே செய்தனர். நமக்குள்ள முதன்மையான மறுப்பு அந்தப் பலகையைப் பற்றியது.

ஆடுவோர் பலகையொன்றைச் சுமந்து சென்று, அதில் குறியொன்றை வரைந்து கீழே வைத்தல் வேண்டும். உடனே பாரோ என்னும் உயிரினம் தோன்றி அக்குறியின் பணியை முடித்து மறையும். கோடு சற்றுக் கோணினாலும் பலகை ஏற்க மறுப்பதுண்டு; கையெழுத்துத் தேர்வு எழுதுவதுபோன்ற அலுப்பே மிஞ்சுகிறது. இக்குறிகளைப் பார்த்துப் படியெடுக்கிறோமேயன்றி, ‘ரிவன்’ எண்களைப்போல் அவற்றிலிருந்து வேறொன்றை வருவித்தறிய வாய்ப்பில்லை.

கதைப்படி பாரோக்கள் அடிமைகள். அவர்களை விடுவித்தலே ஆட்டத்தின் உரிய முடிவு. ஆயினும் அம்முடிவை எட்டும்வரை நாம் செய்வதெல்லாம் அவர்களைக் குறிகாட்டி அழைத்து வேலை வாங்குவதே. அவர்கள் எங்கு வாழ்கின்றனர், தமக்குள் எவ்வாறு உரையாடுகின்றனர் என்பதை எந்தப் புதிரும் நம்மை அறியத் தூண்டுவதில்லை. பெரட்டுக்கு எழுந்து சென்ற தலைமுறையின் வழிவந்தோர் இக்குறையை எளிதில் உணர்வர். துரையின் கணக்கேட்டில் தொழிலாளியின் பெயரும் நாள்கூலியும் இருக்கும். அவன் பாடிய பாட்டு இராது. பாரோக்களைப் பொறுத்தவரை இவ்வாட்டம் அக்கணக்கேட்டையே ஒத்திருக்கிறது. விடுதலையைப் பேசும் கதை, அடிமையை அறியும் வாயிலை மூடி வைத்திருப்பது மேலோட்டமான பிழையன்று.

வகுப்பறைக்கு ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டுமெனில் ‘ரிவன்’ ஒன்றையே கூறுவோம். 2024இல் சயன் அதனைப் புதுக்கி வெளியிட்டுள்ளது. புதிர்கள் சில அதில் மாற்றப்பட்டிருப்பதால், மூலத்தையும் அருகில் வைத்து ஒப்பிட்டுக் காண்பது மாணவர்க்குப் பயன் தரும்.