தும்பியின் உருவம்: பெல் 47 ஹெலிகாப்டர்

பெரிய கண், ஒல்லியான வால், தலைக்கு மேலே படபடக்கும் சிறகு. பெல் 47 ஹெலிகாப்டரைப் பார்த்ததும் தும்பி நினைவுக்கு வருவதற்கு இவை போதும். குடிமக்கள் பயன்பாட்டுக்கு அமெரிக்க அரசு சான்றளித்த முதல் ஹெலிகாப்டர் இது. சான்று கிடைத்த நாள் 1946 மார்ச் 8. அமெரிக்காவில் பெல் நிறுவனமும், உரிமம் பெற்று இத்தாலி, ஜப்பான், பிரிட்டன் ஆகிய நாடுகளின் தொழிற்சாலைகளும் சேர்ந்து 5,000-க்கும் மேற்பட்டவற்றைக் கட்டின. இதைவிட வேகமானவையும் வலிமையானவையும் பிறகு வந்துவிட்டன. ஆனாலும் ரசிகர்கள் இதை விட்டு விலகவில்லை. இந்த இயந்திரம் தன் உடலில் எதையும் ஒளிப்பதில்லை என்பதே அந்த ஈர்ப்பின் அடிப்படை.

இதை உருவாக்கியவர் ஆர்தர் யங் (1905–1995). பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர்; மெய்யியலில் ஆழ்ந்த நாட்டம் உள்ளவர். 1920-களின் இறுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தனியாளாகச் சிறு மாதிரிகளைச் செய்து, பறக்கவிட்டு, உடைந்ததைத் திருத்தி, மீண்டும் பறக்கவிட்டார். 1941-இல் தன் மாதிரியை பஃபலோ நகரிலிருந்த பெல் விமான நிறுவனத்துக்கு எடுத்துச் சென்று பறக்கவிட்டுக் காட்டினார். நிறுவனம் அவருக்கு ஒரு சிறு குழுவையும், கார்டன்வில் என்ற இடத்தில் ஒரு பட்டறையையும் கொடுத்தது. அங்கே பிறந்த முன்னோடி ஹெலிகாப்டரான மாடல் 30, 1944-இல் பஃபலோவின் ராணுவப் பயிற்சி மண்டபம் ஒன்றுக்குள்ளேயே, கூரைக்கும் தரைக்கும் நடுவே பறந்து காட்டியது. 1945 டிசம்பர் 8 அன்று பெல் 47 முதன்முதலாகப் பறந்தது.

மூடிய மண்டபத்துக்குள் அப்படி அடங்கிப் பறக்க முடிந்ததற்குக் காரணம் யங்கின் நிலைநிறுத்தும் தண்டு. அக்காலத்து ஹெலிகாப்டர்களின் பெருந்தொல்லை நிலைகொள்ளாமை. உடல் சற்றுச் சாய்ந்தால் மேலுள்ள சுழலியும் சாயும். சாய்ந்த சுழலி உடலை மேலும் இழுக்கும். யங், இரட்டை இறக்கைச் சுழலிக்குக் கீழே, அதற்குக் குறுக்காக, இரு முனைகளிலும் எடை கொண்ட தண்டு ஒன்றை இணைத்தார். சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் விடாததைப் போல இந்தத் தண்டும் தான் சுழலும் தளத்தை விடாது. உடல் சாயும்போது, அசையாத தண்டுக்கும் சாய்ந்த உடலுக்கும் இடையே தோன்றும் வேறுபாடு இணைப்புக் கம்பிகள் வழியாக இறக்கைகளின் கோணத்தைத் திருத்திவிடும். மின்னணுவியலின் துணை இல்லாமல், இரண்டு எடைகளையும் சில கம்பிகளையும் கொண்டே ஒரு பெருஞ்சிக்கல் அவிழ்ந்தது. தரையில் நிற்கும் பெல் 47-இன் அருகே போனால் அந்தத் தண்டை இன்றும் கண்ணெதிரே பார்க்கலாம்.

அடுத்த சிறப்பு முகப்புக் குமிழி. பிளெக்சிகிளாஸ் தகட்டைச் சூடாக்கி, பலூனை ஊதுவதுபோலக் காற்றால் உப்பச் செய்து உருவாக்கியது அது. நடுவே உலோகச் சட்டங்கள் குறுக்கிடாததால், இருக்கையில் அமர்ந்தவருக்குக் காலடிக்குக் கீழுள்ள நிலம் வரை தடையின்றித் தெரியும். செங்குத்தாக இறங்கவும் அந்தரத்தில் நின்று வேலை செய்யவும் வேண்டிய ஊர்திக்கு இந்தப் பார்வை இன்றியமையாதது.

வாலின் கதை வேறு. தொடக்க வகைகளில் வால் சட்டகத்தைத் துணி மூடியிருந்தது. 1949-இல் வந்த 47டி-1 வகையில் அந்தப் போர்வையை நீக்கிவிட்டார்கள். எடை குறைந்தது, பற்றவைத்த எஃகுக் குழாய்களின் பின்னலும், அதன் மீது வால் சுழலி வரை ஓடும் சுழல்தண்டும் வெளிப்பட்டன. முன்னே ஒளி ஊடுருவும் குமிழி, பின்னே காற்று ஊடுருவும் பின்னல். இரண்டுக்கும் நடுவே எஞ்சின் மூடியின்றி நிற்கிறது. எந்தப் பகுதியின் உருவமும் அது செய்யும் வேலையிலிருந்து வந்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1984-இல் ஒரு 47டி-1-ஐத் தன் வடிவமைப்புத் தொகுப்பில் சேர்த்தது.

ஓட்டுபவர்களின் பற்றுக்குக் காரணம் சுழலியின் கனம். எஞ்சின் நின்றுவிட்டால், ஹெலிகாப்டர் கீழிறங்கும்போது எதிர்வரும் காற்றே சுழலியைச் சுழற்ற வேண்டும். 1979-இல் சான்று பெற்ற ராபின்சன் ஆர்22 போன்ற இலகுவான ஊர்திகளில் சுழலியின் வேகம் சட்டென்று விழுந்துவிடும். ஓட்டுபவர் நொடியில் செயல்பட வேண்டும். பெல் 47-இன் கனத்த இறக்கைகள் தம் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. கற்றுக்கொள்பவரின் தயக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் குணம் அது.

கொரியப் போரில் எச்-13 என்ற பெயரில் இது ஆம்புலன்ஸ் ஆனது. சறுக்குக் கால்களின் மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படுக்கைகளைப் பொருத்தி, காயமடைந்தவர்களைப் போர்முனையிலிருந்து நேரே கள மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். இப்படிக் காப்பாற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 18,000 பேர். 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மேஷ்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சி அந்த உருவத்தைக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அறிமுகம் செய்தது. 1957-இல் ஐசனோவர், பதவியில் இருக்கும்போது ஹெலிகாப்டரில் பறந்த முதல் அமெரிக்க அதிபர் ஆனார். அவர் ஏறியது இதன் 47ஜே வகையில். வயல்களில் மருந்து தெளிக்கவும் இது நெடுங்காலம் உழைத்திருக்கிறது. சுழலி கீழே தள்ளும் காற்று பயிரைக் கலைத்து, இலைகளின் அடிப்பக்கம் வரை மருந்தைக் கொண்டுசேர்க்கும்.

குறைகளும் உண்டு. மூன்று பேர் நெருங்கி அமரும் இருக்கை, மணிக்கு 170 கிலோமீட்டரைத் தாண்டாத வேகம், ஓயாத அதிர்வு, உயரம் கூடக்கூடச் சோர்ந்துபோகும் பிஸ்டன் எஞ்சின். 1950-களின் நடுவில் பிரான்சின் அலுவெட் 2 டர்பைன் எஞ்சினுடன் வந்தபோதே இதன் காலம் முடியத் தொடங்கிவிட்டது. 1970-களில் உற்பத்தி நின்றது. ஆனால் பிரித்து, பார்த்து, பழுது நீக்கிப் பூட்டக்கூடிய இயந்திரம் எளிதில் மறைவதில்லை. 2010-இல் இதன் வடிவமைப்புச் சான்றுகளை மின்னசோட்டா மாநிலத்தின் ஸ்காட்ஸ் பெல் 47 நிறுவனம் வாங்கி, உதிரிபாகங்கள் தொடர்ந்து கிடைக்க வழிசெய்தது. அருங்காட்சியகக் கூரையின் கீழே ஒன்று கலைப்பொருளாகத் தொங்க, அதன் உடன்பிறப்புகள் பல இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன.